கருவியும் கையறிவும்: வீட்டுப் பறப்புப் பயிற்சி குறித்து

கையின் அறிவு உழைப்பிலே பிறப்பது. சாய்ந்தமருதுக்கு வடக்கே, மருதமுனைக் கைத்தறிகளில், நெசவாளரின் கண் இழையிலிருக்கக் கால் மிதியைத் தானே அறிந்து மிதிப்பதை நாம் காண்கிறோம். வீட்டிலே மெய்நிகர் விமானமோட்டப் பழகுவோர்க்கும் இது பொருந்தும். கண்களை மூடும் காட்சிக்கவசம் சொந்தக் கைகளையே மறைத்துவிடுகின்றது. எனவே, இயக்குதண்டு, எஞ்சின்விசை நெம்பு, சுக்கான்மிதி ஆகியன தொட்டறியத்தக்க வடிவினவாதல் வேண்டும்; காட்சியில் அவை தோன்றும் இடத்திலேயே இருக்கையோடு அசையாது பிணைக்கப்படல் வேண்டும்.

1929இல் அமெரிக்கரான எட்வின் லிங்க், தந்தையாரின் ஓர்கன் வாத்தியத் தொழிற்சாலையிலிருந்த துருத்திகளைக் கொண்டே பறப்புப் பயிற்சிப் பொறியை ஆக்கினார். தபால் சுமந்த இராணுவ விமானிகள் பலர் மாண்ட பின்னரே, 1934இல், இராணுவம் அத்தகைய ஆறு பொறிகளை வாங்கிற்று. தொழிற்கூட அறிவிலிருந்தே அப்பொறி தோன்றியது. இன்றும் தண்டும் கவசமும் சந்தைப் பண்டங்களாயினும், அவற்றை உடலின் அளவுக்கு இசைவிக்கும் மரச்சட்டத்தை நம்மூர்த் தச்சரே ஆக்கித்தர வல்லார். பண்டம் பயிற்சியாவது அவ்விசைவினாலேயே.