கண்டிப்புக்கு முன் ஒரு மணி நேரம்

மேலதிகாரி எல்லோரையும் நிற்கவைத்து, “இனி ஒருமுறை இப்படி நடந்தால் சும்மா விடமாட்டேன்” என்று பொரிந்து தள்ளினால் நாம் ‘செம டோஸ்’ என்போம். ஆங்கிலேயர் ‘ரயட் ஆக்ட்டை வாசித்துவிட்டார்’ என்பார்கள். ரயட் ஆக்ட் என்பது கலவரத் தடுப்புச் சட்டம். ஒரு காலத்தில் அதைத் தெருவில் நின்று உண்மையிலேயே உரக்க வாசித்தார்கள்.

1714-ல் ஜெர்மனியின் ஹானோவரிலிருந்து வந்த முதலாம் ஜார்ஜ் பிரிட்டனின் மன்னரானார். பழைய ஸ்டூவர்ட் வம்சத்தையே விரும்பியவர்கள் கொதித்தார்கள். பல ஊர்களில் கலகம் மூண்டது. அதை அடக்கக் கொண்டுவந்த சட்டம் 1715 ஆகஸ்ட் 1-ல் நடைமுறைக்கு வந்தது.

12 பேரோ அதற்கு மேலோ கூடி அமைதியைக் குலைத்தால், மேயரோ மாஜிஸ்திரேட்டோ நேரில் போய், மன்னர் பெயரால் கலைந்து போகச் சொல்லும் அறிவிப்பை வாசிக்க வேண்டும். ஒரு மணி நேரம் கழிந்தும் கலையாமல் நின்றவர்களுக்கு மரண தண்டனை. கலைக்கும்போது யாராவது இறந்துபோனாலும் கலைத்தவர்கள்மீது குற்றமில்லை. இவ்வளவு கொடிய சட்டம்தான். ஆனாலும், எச்சரிக்கை முதலில், தண்டனை பிறகு என்ற வரிசை அதில் இருந்தது. அந்த எச்சரிக்கையை முழுமையாக வாசிப்பதும் கட்டாயம்: மன்னரை வாழ்த்தும் கடைசி வரி விடுபட்டதால் 1830-ல் ஒரு வழக்கு நிற்காமலே போனது.

எச்சரிக்கை முதலில் என்ற அந்த வரிசை குலைந்தால் என்ன ஆகும் என்பதை அதற்கு முன்பே மான்செஸ்டர் நகரம் கண்டிருந்தது. 1819 ஆகஸ்ட் 16 அன்று, நாடாளுமன்றச் சீர்திருத்தம் கேட்டு செயின்ட் பீட்டர்ஸ் திடலில் சுமார் 60,000 பேர் கூடினார்கள். பெண்களும் குழந்தைகளும் வந்திருந்தார்கள். சட்டத்தை வாசித்தோம் என்றார்கள் மாஜிஸ்திரேட்டுகள். எங்கள் காதில் விழவே இல்லை என்றார்கள் திடலில் நின்றவர்கள். ஒரு மணி நேர அவகாசமும் கிடைக்கவில்லை. குதிரைப்படை வாளோடு பாய்ந்தது. குறைந்தது 15 பேர் மாண்டார்கள், நூற்றுக்கணக்கானோர் காயமடைந்தார்கள். ‘பீட்டர்லூ படுகொலை’ என்று வரலாறு அதைப் பதிந்துவைத்தது.

இங்கிலாந்தில் 1967-ல் இந்தச் சட்டம் நீக்கப்பட்டது. பேச்சு வழக்கில் அதன் அதட்டல் மட்டும் தங்கிவிட்டது. அவகாசம் காணாமல் போய்விட்டது. வீட்டிலும் வகுப்பிலும் அலுவலகத்திலும் நம் கண்டிப்புகள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கின்றன. செய்த தவறு எது, தொடர்ந்தால் விளைவு என்ன, திருந்த எவ்வளவு நேரம் என்ற மூன்றையும் கேட்பவருக்குப் புரியும்படி சொல்வதுதான் கண்டிப்பு. இவை இல்லாத சத்தம் வெறும் வசவு. கண்டிக்கும் இடத்தில் இருப்பவர்களே, கடுமையாகப் பேசுங்கள், தவறில்லை. திருந்துவதற்கான நேரத்தையும் சேர்த்துக் கொடுங்கள்.