போர்ஷன் இல்லாத வீட்டில் ஒரு கல்வியாண்டு

பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கும் குடும்பங்களிலும் கல்வியாண்டு பெரும்பாலும் ஜூனில்தான் தொடங்குகிறது. புது நோட்டு, சுவரில் ஒட்டிய கால அட்டவணை, ஒன்பது மணிக்குக் கணக்கு, பத்துக்குத் தமிழ். ஆடி முடிவதற்குள் அட்டவணை தளர்ந்துவிடுகிறது. தீபாவளியும் ஐப்பசி மழையும் சேர்ந்து வாரக்கணக்கில் நாளை விழுங்குகின்றன. பொங்கல் கழிந்தால் பிள்ளைக்குப் புத்தகத்தைத் திறக்கப் பிடிப்பதில்லை. திறக்கச் சொல்லப் பெற்றோருக்கும் தெம்பு இருப்பதில்லை. இதை மன உறுதிக் குறைவு என்று எண்ணி வருந்துபவர்கள் அதிகம். ஆனால் பள்ளிக்கூடத்தின் அமைப்பை அப்படியே தூக்கி வந்து கூடத்தில் வைத்துக்கொண்டதுதான் பெரும்பாலான வீடுகளில் தளர்ச்சிக்கு முதல் காரணம்.

முதலில் நேரக் கணக்கு. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 1 முதல் 5-ஆம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 மணி நேரப் பாடம் என்று குறிக்கிறது. 6 முதல் 8 வரை 220 நாள், 1,000 மணி நேரம். நாளொன்றுக்கு நாலு, நாலரை மணி நேரம்தான் வருகிறது. அதுவும் தொடக்க வகுப்பில் முப்பது பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்ற அளவில் போட்ட கணக்கு. வருகைப் பதிவு, நோட்டுத் திருத்தம், பின்தங்கியவருக்காகக் காத்திருத்தல், சத்தத்தை அடக்குதல் எல்லாம் அதற்குள்ளேயே அடக்கம். ஒருவரோ இருவரோ இருக்கும் வீட்டில் இவற்றுக்கு இடமே இல்லை. சிறு பிள்ளைக்கு உட்கார்ந்து படிக்கும் வேலை காலையில் ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். இது தெரியாமல் ஆறு மணி நேரம் பாடம் நடத்த முனையும் தாய், செப்டம்பரிலேயே சோர்ந்துபோவதில் வியப்பில்லை.

குறுகிய பாடத்தின் பலத்தை நூறாண்டுக்கு முன்பே சொன்னவர் இங்கிலாந்தின் சார்லட் மேசன். 1886-ல் வெளிவந்த ‘ஹோம் எஜுகேஷன்’ நூலில், எட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு ஒரு பாடம் இருபது நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்கிறார். கணக்குக்குப் பின் இன்னொரு கணக்கு வராது. வேறு வகையான வேலை வரும். ஒரு வேலையில் களைத்த மனம் அடுத்ததில் ஓய்வெடுக்கும். ஒரு பகுதியை ஒரே ஒருமுறை வாசித்துவிட்டு, பிள்ளை தன் சொற்களில் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். கேள்வித்தாளும் மதிப்பெண்ணும் தேவைப்படாத சோதனை இது. பிற்பகல் முழுக்க வெளியே விளையாட்டு. மேசன் எழுதியது பெரும்பாலும் சமையலுக்கும் துணி துவைக்கவும் ஆள் வைத்திருந்த வீடுகளுக்காக என்பதையும் மறக்கக் கூடாது. அவருடைய திட்டம் முழுவதையும் தனியாளாக நிறைவேற்ற நினைப்பது இன்னொரு சோர்வுக்கு வழி.

பிள்ளை மக்கர் பண்ணத் தொடங்கியதும் பெரியவர்களின் கை முதலில் போவது பரிசுப் பக்கம். பத்து கணக்கு போட்டால் சாக்லேட், பாடம் முடித்தால் அரை மணி நேரம் டேப்லெட். இதன் விளைவைக் காட்டும் புகழ்பெற்ற ஆய்வு ஒன்று 1973-ல் வெளியானது. மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகிய மூவரும், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில் வண்ணப் பேனாவால் ஆசையாக வரையும் சிறுவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். சிலரிடம், வரைந்தால் தங்க நட்சத்திரமும் ரிப்பனும் ஒட்டிய சான்றிதழ் கிடைக்கும் என்று முன்கூட்டியே சொன்னார்கள். சிலருக்குச் சொல்லாமலே கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு எதுவும் இல்லை. சில நாள் கழித்து அதே பேனாக்கள் வகுப்பில் வைக்கப்பட்டபோது, பரிசு பேசி வரைந்த பிள்ளைகள் மற்றவர்களைவிட ஏறத்தாழப் பாதி நேரமே வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களிடம் அந்தச் சரிவு இல்லை. ஏற்கெனவே விருப்பம் இருக்கும் வேலைக்குக் கூலி பேசினால் விருப்பம் குறைகிறது. விருப்பமே இல்லாத வாய்ப்பாட்டுக்குச் சின்னப் பரிசு தருவதால் பெரிய கேடு வந்துவிடாது; கதைப் புத்தகம் வாசிக்கவும் படம் வரையவும் பரிசு பேசுவதுதான் ஆபத்து.

பரிசுக்குப் பதிலாக எது பிள்ளையை நகர்த்தும்? எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் என்ற உளவியலாளர்கள் மூன்று தேவைகளைச் சொல்கிறார்கள்: தன் விருப்பப்படி செய்கிறோம் என்ற உணர்வு, தன்னால் முடிகிறது என்ற உணர்வு, தன்னோடு ஒருவர் இருக்கிறார் என்ற உணர்வு. வீட்டில் முதலாவதைத் தருவது எளிது. எதை முதலில் படிப்பது, ஊஞ்சலில் உட்கார்ந்தா, மொட்டை மாடியிலா என்பதைப் பிள்ளையே முடிவு செய்யலாம். இரண்டாவது சற்றுக் கடினம். பின்னத்தில் திணறும் பத்து வயதுப் பிள்ளையைப் பத்து வயதுக்குரிய புத்தகத்தோடு கட்டிப்போடாமல், இரண்டு வகுப்பு கீழே இறங்கி அங்கிருந்து ஏற்றிக்கொண்டு வர வேண்டும். பள்ளியில் இது அவமானம். வீட்டில் பார்க்க யாரும் இல்லை. தமிழ்நாட்டு அரசுப் பாடநூல்கள் எல்லா வகுப்புக்கும் இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதால் இதற்குச் செலவும் இல்லை. மூன்றாவதுதான் அதிகம் தவறிப்போகிறது. பாடத்தைக் கொடுத்துவிட்டு அம்மா அடுப்படிக்குப் போனால், பிள்ளையின் கவனமும் கூடவே போய்விடும்.

பள்ளியை விட்டு அண்மையில் வெளியே வந்த பிள்ளையின் நிலை வேறு. மணியடித்தால் எழுந்திருக்கப் பழகிய பிள்ளைக்குத் தானாக ஒன்றைத் தொடங்குவது மறந்திருக்கும். வீட்டுக் கல்விக் குடும்பங்கள் இந்த இடைக்காலத்தை ‘டீஸ்கூலிங்’ என்கின்றன. பள்ளியில் கழித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு மாதம் என்பது அவர்களிடையே வழங்கும் தோராயக் கணக்கு. அந்த மாதங்களில் பிள்ளை சும்மா இருப்பதைச் சோம்பலாக எண்ணிப் பாடத்தைத் திணித்தால், ஆண்டு முழுவதும் இழுபறிதான்.

பெற்றோரின் சோர்வைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. ஆசிரியர், சமையல்காரர், விளையாட்டுத் தோழர் எல்லாம் ஒரே ஆள். பெரும்பாலும் அது தாய். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் முதல் கல்யாண வீட்டுச் சித்தப்பா வரை “எந்த ஸ்கூல்ல படிக்கிறே?” என்று கேட்கும்போதெல்லாம் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே. வாரத்தில் ஒரு நாள் அறிவியலோ கைவேலையோ முழுக்கத் தந்தையின் பொறுப்பு என்று வைத்தால், அட்டவணையை எத்தனை முறை திருத்தினாலும் கிடைக்காத ஆறுதல் கிடைக்கும். ஸ்வசிக்ஷன் போன்ற வீட்டுக் கல்விக் கூட்டமைப்புகளும் ஊர்தோறும் உள்ள வாட்ஸ்அப் குழுக்களும் உதவும். அங்கே மற்ற வீட்டுப் பிள்ளைகளின் சாதனைப் படங்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் சோர்வு கூடவும் செய்யும்.

பிப்ரவரி, மார்ச்சில் எழும் பதற்றத்துக்குத் தேர்வே வேர். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் முழுஆண்டுத் தேர்வுக்குத் தயாராகும்போது, ‘நம்ம பிள்ளை என்ன போர்ஷன் முடிச்சிருக்கு?’ என்ற கேள்வி குடைகிறது. வீட்டுக் கல்வி பற்றிக் கல்வி உரிமைச் சட்டமும் முழுத் தெளிவு தரவில்லை. 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளையை அருகமைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது 10-ஆம் பிரிவு. மீறினால் தண்டனை என்று எதையும் சொல்லவில்லை. சான்றிதழுக்கு வழி இருக்கிறது. தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனமான என்.ஐ.ஓ.எஸ். வழியாக 14 வயது நிறைந்தவர் பத்தாம் வகுப்புக்கு நிகரான தேர்வு எழுதலாம். ஆண்டுக்கு இருமுறை பொதுத் தேர்வு. பதிவு ஐந்தாண்டு செல்லும். அதற்குள் ஒன்பது வாய்ப்பு. ஒரு முறைக்கு இரண்டு பாடம் என்று பிரித்து எழுதித் தேறிக்கொண்டே போகலாம். மாநிலத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதும் வழியும் உண்டு. பதினான்கு வயதுக்குத்தான் தேர்வு என்று தெளிந்துவிட்டால், எட்டு வயதுப் பிள்ளையின் மார்ச் மாதத்தில் பதற ஒன்றுமில்லை.

ஆண்டை ஜூன் முதல் ஏப்ரல் வரை ஒரே நீட்டாக ஓட்டாமல், ஆறு வாரம் பாடம், ஒரு வாரம் ஓய்வு என்று துண்டாக்கிக்கொள்ளும் குடும்பங்கள் உண்டு. அக்னி நட்சத்திர நாட்களில் காலை ஏழு மணிக்கு முன்பே படிப்பை முடித்துவிடலாம். மழைக் காலத்தில் வீட்டு வாசலில் ஒரு பாத்திரம் வைத்து மழையளவு குறிப்பது கணக்கும் புவியியலும் சேர்ந்த பாடம். தளர்ச்சி மிகும் ஜனவரியிலேயே பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு வருகிறது. தமிழ்நாட்டில் யார் வேண்டுமானாலும் ஊர்க் குளக்கரையில் நின்று பறவைகளை எண்ணிப் பதியலாம். எழுதி வைக்கும் முறையையும் மாற்றலாம். நாளை என்ன செய்ய வேண்டும் என்ற பட்டியல் பாதியில் நிற்கும்போது குற்ற உணர்வைத்தான் வளர்க்கும். இன்று என்ன நடந்தது என்று இரவில் நாலு வரி எழுதினால், வீணாய்ப் போனதாக நினைத்த வாரத்திலும் நிறைய நடந்திருப்பது தெரியும்.

எல்லாத் தளர்ச்சியும் இப்படித் தீர்ந்துவிடாது. மாதக்கணக்கில் எழுத்துக் கூட்டவே மறுக்கும் பிள்ளைக்கு டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாடு இருக்கலாம். பார்வைக் குறை இருக்கலாம். அதற்கு நிபுணரிடம் காட்ட வேண்டும், ஊக்கப் பேச்சு உதவாது. சில பிள்ளைகளுக்குக் கூட்டம் வேண்டும். பள்ளிக்குப் போகிறேன் என்று அவர்களே கேட்பார்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, இடையில் வரும் பிள்ளையையும் அதன் வயதுக்குரிய வகுப்பில் சேர்த்து, மற்றவர்களுக்கு ஈடாக வரச் சிறப்புப் பயிற்சி தர வழி செய்திருக்கிறது.