தடையும் விடையும்: உருவப்படக் கலைக்கு ஓர் அறிமுகம்

நூல் இயற்றிய புலவன் அதனை அவையில் அரங்கேற்ற வேண்டும். அவையோர் தடை எழுப்புவர். புலவன் விடை இறுப்பான். அவ்விடையால் அவை நிறைவுற்ற பின்னரே நூல் நிலைபெறும் என்பது தமிழ்ப் புலமை மரபு. இம்மரபு ஏட்டுக்கும் எழுத்தாணிக்கும் மட்டுமே உரியதன்று. கைக்குள் அடங்கும் அலைபேசியிலும் கேமரா அமைந்துவிட்ட இந்நாளில், நாம் எடுக்கும் உருவப்படம் ஒவ்வொன்றும் எடுத்த மறுகணமே அவையேறி விடுகின்றது. "முகம் இருண்டுவிட்டது", "மூக்குப் பெரிதாய்த் தெரிகிறது", "அவரைப் போலவே இல்லை" எனத் தடைகள் எழுகின்றன. இவற்றுள் எதனை ஏற்பது, எதற்கு விடை கூறுவது? இதனைப் பகுத்தறியக் கலையின் அடிப்படை தெரிந்திருத்தல் வேண்டும். ஆகவே முதற்கண் அவ்வடிப்படையைச் சுருங்க நோக்குவோம்.

ஒளியை ஆளும் மூன்று

இருட்டறையின் சிறு துளை வழியே புகும் ஒளி, எதிர்ச்சுவரில் வெளிக்காட்சியைத் தலைகீழாகத் தீட்டும். பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம், பதினோராம் நூற்றாண்டிலேயே துளைவழி ஒளி செல்லும் முறையைச் சோதனைகளால் ஆராய்ந்து விளக்கினார். இன்றைய கேமராவும் அத்தகைய இருட்டறையே. அதனுள் புகும் ஒளியையும் அதன் பயனையும் மூன்று கூறுகள் ஆள்கின்றன.

முதலாவது, லென்ஸின் துளை. இதன் அளவை 2, 2.8, 4, 5.6, 8, 11, 16 என்னும் எண்கள் குறிக்கும். ஒவ்வோர் எண்ணாக ஏற ஏற, உட்புகும் ஒளி பாதி பாதியாகக் குறையும். துளை விரிந்தால் முகம் மட்டும் தெளிவாக நின்று பின்புலம் மங்கும். சுருங்கினால் முன்னும் பின்னும் தெளிவாகும். இரண்டாவது, ஷட்டர் திறந்திருக்கும் நேரம். 125இல் ஒரு பங்கு வினாடி என்றால் அமைதியாக அமர்ந்திருப்பவரின் முகம் பெரும்பாலும் அசைவின்றிப் பதியும். 15இல் ஒரு பங்கு என்றால் நம் கைநடுக்கமும் படத்தில் ஏறிவிடும். மூன்றாவது, ஐ.எஸ்.ஓ. எனப்படும் ஒளியுணர்வு அளவு. 100இலிருந்து 400க்கு உயர்த்தினால் நான்கில் ஒரு பங்கு ஒளியே போதும். மிக உயர்த்தினாலோ மணல் தூவினாற்போன்ற புள்ளிகள் தோன்றும். ஒன்றைக் கூட்டினால் மற்றொன்றைக் குறைத்து ஈடுசெய்வதே பயிற்சியின் தொடக்கம்.

முகத்துக்கு உரியவை

உருவப்படத்துக்கெனச் சில நுட்பங்கள் உண்டு. அரை மீட்டர் அண்மையில் நின்று எடுத்தால், காதைவிட மூக்கு கேமராவுக்கு மிக அருகில் இருப்பதால் அது பெருத்துத் தோன்றும். ஒன்றரை, இரண்டு மீட்டர் விலகி நின்று, வேண்டுமாயின் லென்ஸின் உருப்பெருக்கத்தைக் கூட்டிக்கொண்டால் இக்குறை நீங்கும். உச்சிவெயில் கண்குழிகளில் நிழலைத் தேக்கும். சன்னலோரமும் தாழ்வாரமும் மென்மையான பக்கவொளி தரும். இரு கண்களுள் அண்மையில் உள்ள கண் தெளிவாக இருக்குமாறு குவியப்படுத்தல் நன்று.

மற்றொன்று நம்மவர் சிறப்பாக அறிய வேண்டுவது. கேமராவின் ஒளியளவி, தன் முன்னுள்ள காட்சி முழுதும் நடுத்தரச் சாம்பல் நிறத்தது எனக் கொண்டே கணக்கிடுகின்றது. வெள்ளைச் சுவரின் முன் மாநிறத்தவர் ஒருவரை நிறுத்தினால், அது சுவரின் வெண்மையைச் சாம்பலாக்க முயன்று முகத்தை இருளச் செய்துவிடும். அங்கு ஒளிப்பதிவை ஒரு படி கூட்டுதல் வேண்டும். முகத்தின் நிறம் குறையன்று. கணக்கைத் திருத்தாமையே குறை.

மூவகைத் தடைகள்

இனி, தடைகளை மூவகையாகப் பகுக்கலாம். முதல்வகை, தொழிற்குற்றம். படம் அசைந்தது, முகம் இருண்டது, மூக்குப் பெருத்தது என்பன இவ்வகையின. இவற்றுக்கு விடை தேடுதல் வீண். ஏற்றுக்கொண்டு காரணம் கண்டு திருத்துவதே முறை.

இரண்டாம்வகை, படத்துக்கு அமர்ந்தவரின் மனக்குறை. நம் முகத்தை நாம் நாள்தோறும் காண்பது கண்ணாடியில், இடவலம் மாறிய நிலையில். பிறர் காண்பதோ மாறாத முகத்தை. 1977இல் அமெரிக்க உளவியலாளர் மூவர் வெளியிட்ட ஆய்வில், பங்கேற்றோருள் பெரும்பாலோர் தம் படத்தின் இடவலம் மாற்றிய படியையே விரும்பினர். அவர்தம் நண்பருள் பெரும்பாலோர் மாறாத படியை விரும்பினர். எனவே "இது நானில்லை" என்பவர் பொய்யுரைக்கவில்லை. அவரோடு வாதிடாமல், படத்தைத் திருப்பிக் காட்டலாம். வேறு கோணத்தில் மீண்டும் எடுக்கலாம். அப்போதும் அவர் விரும்பாராயின், அப்படத்தைப் பிறர் பார்வைக்கு வைக்காதிருத்தல் நம் கடமை. படம் நாம் எடுத்ததாயினும் முகம் அவருடையது.

மூன்றாம்வகை, நாம் அறிந்தே செய்ததைக் குறையெனக் கூறுவது. இதற்குத் தக்க சான்று ஜூலியா மார்கரெட் கேமரன். 1815இல் கல்கத்தாவில் பிறந்த இவ்வம்மையார், 1863இல் தம் 48ஆம் வயதில் மகளும் மருமகனும் பரிசளித்த கேமராவோடு இங்கிலாந்தின் வைட் தீவில் இக்கலையைத் தொடங்கினார். அவர் எடுத்த முகங்கள் கூர்மையின்றி மென்மையாக இருந்தன. துணிவான புதுமை உண்டு, ஆயினும் ஒளிப்படத்துக்குரிய ஏனைய பண்புகள் பலியாயின என்னும் பொருள்பட, லண்டன் ஒளிப்படச் சங்கத்தின் இதழ் 1865இல் எழுதிற்று. அம்மையார் தம் முறையை மாற்றவில்லை. தம் கண்ணுக்கு அழகெனப்பட்ட நிலையிலேயே லென்ஸை நிறுத்தியதாகப் பின்னர் 1874இல் தன்வரலாற்றுக் குறிப்பில் எழுதினார். அறிவியலறிஞர் ஜான் ஹெர்ஷலை 1867இல் அவர் எடுத்த படம் இன்றும் போற்றப்படுகின்றது.

அவரே 1869இல் தம் கண்ணாடி நெகடிவ்களில் வெடிப்புகள் தோன்றியபோது வேறுவகையாக நடந்துகொண்டார். அதே சங்கத்தாரை அணுகி அறிவுரை கேட்டார். வேதிப்பொருள் எச்சம் நீங்கக் கழுவாமையும் தீவின் ஈரக்காற்றும் காரணமாகலாம் என அவர்கள் கூறினர். மென்மை அவர் தேர்ந்தது. வெடிப்பு அவர் தேராதது. முன்னதில் உறுதியாக நின்றவர், பின்னதில் தம்மைக் குறைகூறியோரிடமே கற்கச் சென்றார். 1875இல் இலங்கையில் குடியேறிக் களுத்துறை மக்களையும் படமெடுத்த அவர், 1879இல் அந்நாட்டிலேயே மறைந்தார்.

ஆகவே, தடை எழுந்தவுடன் நாம் நம்மையே கேட்க வேண்டிய வினா ஒன்றுண்டு: இதனை நாம் அறிந்து செய்தோமா, அறியாமல் நேர்ந்ததா? அறிந்து செய்ததாயின் காரணத்தை அமைதியாக எடுத்துரைப்போம். அறியாமல் நேர்ந்ததாயின் நன்றி கூறிக் கற்போம். குறை நேர்ந்தபின் அதனைப் புதுமை எனப் பெயரிட்டு மறைத்தல் ஆகாது.

குறை கூறுவோர்க்கும் ஒரு கடப்பாடு உண்டு. "நன்றாயில்லை" என்னும் ஒற்றைச் சொல் இளைஞனின் கையிலிருந்து கருவியைப் பறித்துவிடக்கூடும். கண்ணில் தெளிவில்லை, வலக்கன்னத்தில் ஒளி மிகுந்தது என இடம் சுட்டிக் கூறினால், அடுத்த படத்தில் அவன் திருத்தப் பார்ப்பான். அவையோர் இடம் சுட்டித் தடை கூறினால்தான், அரங்கேற்றுவோனும் விடை தேட இயலும்.