பாலத்தை இடிச்சு மதிப்பைக் கூட்டின ஊர்: கிரீன்வில் சொல்லும் பணக் கணக்கு



ஒரு ஊர் தன்னோட மதிப்பைக் கூட்டணும்னா என்ன செய்யும்? புதுசா பாலம் கட்டும், மால் கட்டும். அமெரிக்காவுல தென் கரோலினா மாநிலத்துல இருக்கிற கிரீன்வில் நகரம் அதுக்கு நேர்மாறா ஒரு வேலை செஞ்சது. 2002-ல், தினமும் கார்கள் போய்க்கிட்டிருந்த நான்கு வழிப் பாலம் ஒண்ணை இடிச்சுத் தள்ளியது. காரணம், அந்தப் பாலத்தோட நிழல்ல ஒரு அருவி மறைஞ்சு கிடந்தது.

சுமார் 70,000 பேர் வாழற ஊர் இது. ஒரு காலத்துல பஞ்சாலைகளுக்குப் பேர் போனது. ஊர் நடுவுல ஓடற ரீடி ஆறு ஆலைக் கழிவால கெட்டுப்போச்சு. 1960-ல் அருவிக்கு மேலேயே கேம்பர்டவுன் பாலத்தைக் கட்டினாங்க. கடைகள் ஊருக்கு வெளியே இருந்த மால்களுக்குப் போக, மெயின் ஸ்ட்ரீட் வெறிச்சோடிப் போச்சு. சொத்து கையிலேயே இருந்தும் யார் கண்ணுக்கும் தெரியலை!

30 வருஷப் பொறுமை

1967-ல் உள்ளூர் தோட்டக் கழகம் ஒண்ணு ஆற்றங்கரையைச் சுத்தம் பண்ண ஆரம்பிச்சது. 1971-ல் மேயரானவர் மேக்ஸ் ஹெல்லர். 1938-ல் நாஜிகளிடமிருந்து தப்பி ஆஸ்திரியாவிலிருந்து வந்து, சட்டைத் தொழில்ல முன்னேறினவர். அவர் காலத்துத் திட்டப்படி மெயின் ஸ்ட்ரீட்டை நான்கு வழியிலிருந்து இரண்டு வழியா சுருக்கி, நடைபாதையை அகலமாக்கி, மரம் நட்டாங்க. 1982-ல் ஹயாத் ஹோட்டல் வந்தது. 1990-ல் பீஸ் சென்டர் என்ற கலையரங்கம். 2004-ல் தான் ஃபால்ஸ் பார்க்கும், அருவிக்கு மேல வளைஞ்சு நிக்கற சுமார் 350 அடி நீள லிபர்ட்டி நடைபாலமும் திறந்தாங்க.

கவனிச்சீங்களா? முதல் அடியிலிருந்து பலன் கண்ணுல படறதுக்கு 30 வருஷத்துக்கு மேல ஆகியிருக்கு. இதே காலத்துல பக்கத்து வட்டாரத்துக்கு பிஎம்டபிள்யூ கார் தொழிற்சாலையும் வந்தது. அதனால பூங்கா ஒண்ணே ஊரை மாத்திடுச்சுன்னு சொன்னா அது பாதிக் கதைதான். சம்பளம் வாங்கற ஆளுங்களும் இருந்தாங்க, சாயங்காலம் அவங்க வந்து உட்கார ஒரு இடமும் இருந்தது.

பணம் எங்கிருந்து வந்தது?

இங்கதான் நம்ம பாடம் இருக்கு. கிரீன்வில்ல ஓட்டல்ல சாப்பிட்டா பில் தொகையில 2% விருந்தோம்பல் வரி போடறாங்க. 50 டாலருக்குச் சாப்பிட்டா 1 டாலர். சின்னத் தொகைதான். ஆனா மாநிலச் சட்டப்படி அந்தப் பணத்தைச் சுற்றுலா சம்பந்தப்பட்ட வேலைக்குத்தான் செலவு பண்ணணும். ஃபால்ஸ் பார்க்குக்கு இந்த வரிப் பணம்தான் கை கொடுத்தது. பூங்கா பார்க்க வர்றவங்க சாப்பிடறாங்க, அந்த வரி மறுபடியும் அதே உண்டியல்ல விழுது.

நம்ம வீட்டுலயும் 'குழந்தை படிப்புக்கு'ன்னு தனியா எடுத்து வச்ச பணம் தப்பிக்குது, பொதுவா வச்ச பணம் கரைஞ்சுடுது, இல்லையா? அதே கணக்குதான்.

லாபம் யாருக்கு, பாரம் யாருக்கு?

ஊர் அழகானா நில மதிப்பு ஏறும். அந்த ஏற்றம் எல்லாருக்கும் ஒரே மாதிரி வந்து சேராது. தென் கரோலினா சட்டத்தைப் பார்த்தா புரியும்:

- பழைய உரிமையாளர்: மறுமதிப்பீட்டுல வரிக்கான மதிப்பு 5 வருஷத்துக்கு 15%-க்கு மேல ஏறக்கூடாதுன்னு உச்சவரம்பு இருக்கு. இவருக்குப் பாதுகாப்பு உண்டு.
- புதுசா வாங்கறவர்: வீடு கை மாறினா அந்த உச்சவரம்பு போயிடும், சந்தை விலையில மறுபடி கணக்கு. பழைய உரிமையாளர் கட்டின வரியைப் பார்த்து பட்ஜெட் போட்டா மாட்டிக்குவீங்க.
- வாடகைக்கு இருக்கறவர்: சொந்தமா குடியிருக்கற வீட்டுக்கு மதிப்புல 4% மேல வரி கணக்கிடறாங்க, வாடகை வீட்டுக்கு 6% மேல. 3,00,000 டாலர் வீடுன்னா 12,000-க்கும் 18,000-க்கும் உள்ள வித்தியாசம். போதாததுக்கு, பள்ளிகளை நடத்தறதுக்கான வரியிலிருந்து குடியிருக்கற உரிமையாளருக்கு விலக்கு உண்டு, வாடகை வீட்டுக்குக் கிடையாது. இந்தச் சுமை கடைசியில வாடகைதாரர் தலையில தான் விடியும்.

அருவியைப் பார்க்கக் கட்டணம் இல்லை. அதன் பக்கத்துல தொடர்ந்து வாழத்தான் காசு வேணும். அந்த ஊர்ல காலங்காலமா வாடகைக்கு இருந்த ஏழைக் குடும்பங்களுக்கு இது விளையாட்டு விஷயம் இல்லை.

முதலீடு பண்றதுக்கு முன்னாடி 3 கேள்வி

'ஆற்றங்கரைத் திட்டம் வரப்போகுது'ன்னு கலர் படம் காட்டி யாராவது இடம் விக்க வந்தா இதைக் கேளுங்க:

1. திட்டத்துக்குன்னு தனியா ஒதுக்கின வருமானம் இருக்கா, இல்ல வெறும் அறிவிப்பா?
2. அந்த ஊர்ல வேலைவாய்ப்பு நிஜமா வளருதா?
3. பலன் வர 20, 30 வருஷம் ஆனாலும் காத்திருக்கற பணமா இது, இல்ல கடன் வாங்கின பணமா?

மூணுக்கும் பதில் திருப்தியா இல்லைன்னா, பூங்காவுல ஒரு நடை போயிட்டு வாங்க. அட்வான்ஸ் மட்டும் கொடுக்காதீங்க!