37 டிகிரியில் நிற்கும் மெழுகு

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 2007இல் ஒரு மாணவர் குழுவுக்குக் கிடைத்த வேலை இது: குறைமாதக் குழந்தைகளை வைத்துக் காக்கும் இன்குபேட்டரின் விலை 20,000 டாலர் வரை போகிறது, அதை நூற்றில் ஒரு பங்கு விலைக்குச் செய்து காட்டுங்கள். குழுவில் இருந்தவர்கள் கணினி, மின்பொறியியல், மேலாண்மை என்று படித்துக்கொண்டிருந்தவர்கள். டாக்டர் ஒருவர்கூட இல்லை.

வேலையைக் கொடுத்தது, பல துறை மாணவர்களுக்குப் பொருள் வடிவமைப்பைச் சொல்லிக்கொடுக்கும் ஒரு வகுப்பு. மிகக் குறைந்த விலையில் செய்யவேண்டிய பொருள்களுக்கென்றே நடப்பது. இரண்டு பருவம் நீளும். வழக்கமான பொறியியல் தேர்வுத்தாளில் கணக்குக்கு வேண்டிய எண்கள் எல்லாம் வினாவிலேயே இருக்கும். உத்திரத்தின் நீளம் இவ்வளவு, சுமை இவ்வளவு, எவ்வளவு வளையும் என்று கேட்பார்கள். இந்த வகுப்பிலோ பாதி வினாவைத்தான் கையில் கொடுக்கிறார்கள். மீதியை வெளியே போய்த் தேடிக் கொண்டுவர வேண்டும்.

இப்படியொரு வேலை கிடைத்தால் யாருக்கும் முதலில் தோன்றுவது, இருக்கிற இன்குபேட்டரைப் பிரித்துப் போட்டு எந்தெந்தப் பாகத்தை மலிவாக்கலாம் என்று பார்ப்பதுதான். அந்த வழியில் வெகுதூரம் போகாமல் தடுத்தது ஒரு பயணம். குழுவில் ஒருவரான லைனஸ் லியாங் நேபாளத்துக்குப் போய் மருத்துவமனையைப் பார்த்தார். அங்கே இன்குபேட்டர்கள் காலியாக இருந்தன. காரணம் கேட்டபோது டாக்டர் சொன்னது, அவை தேவைப்படும் குழந்தைகள் பிறப்பது தொலைவிலுள்ள கிராமங்களில் என்பது. வீட்டிலேயே உடல் குளிர்ந்துபோகும் குழந்தை ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க வேண்டுமே! மலிவான இன்குபேட்டர் இன்னும் நான்கு வாங்கி வைத்தாலும் அவையும் காலியாகத்தான் கிடக்கும்.

ஆக, கேள்வியே மாறிவிட்டது. மின்சாரம் நம்பமுடியாத ஒரு வீட்டில், பிறந்த குழந்தையைச் சில மணி நேரம் சூடாக வைத்திருப்பது எப்படி?

குழந்தைக்கு இது ஏன் இவ்வளவு பெரிய விஷயம்? உடம்பு சிறுக்கச் சிறுக்க, எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு கூடுகிறது. வெப்பம் பெரும்பாலும் தோல் வழியாகத்தான் வெளியேறுகிறது. பிறந்த குழந்தைக்குப் பெரியவர்களைப்போல நடுங்கிச் சூடேறத் தெரியாது. அதற்குப் பதில், வெப்பம் உண்டாக்குவதற்கென்றே பழுப்புக் கொழுப்பு என்ற தனிவகைக் கொழுப்பை இயற்கை கொடுத்திருக்கிறது. ஆனால் அது பெரும்பாலும் கர்ப்பத்தின் கடைசி வாரங்களில்தான் சேர்கிறது. முந்திப் பிறந்த குழந்தை அந்தச் சேமிப்பு இல்லாமலே வந்துவிடுகிறது. அதன் உடல் வெப்பம் 36.5இலிருந்து 37.5 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். ஒரே ஒரு டிகிரி இடைவெளி!

வெந்நீர் பாட்டிலை அருகில் வைத்தால்? தொடக்கத்தில் சுட்டுவிடும், கொஞ்ச நேரத்தில் ஆறிவிடும். 37இல் நிறுத்த வேண்டுமென்றால் வெப்பமானி, சூடேற்றி, இரண்டையும் இணைக்கும் மின்சுற்று எல்லாம் வேண்டும். இந்த மூன்றையும் குழு ஒரு மெழுகுக்குள் அடக்கிவிட்டது.

மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் உறைந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதை உருக்க நாம் கொடுக்கும் வெப்பம் முழுக்க எண்ணெயின் சூட்டை ஏற்றுவதில் செலவாவதில்லை. கட்டியைத் திரவமாக்குவதிலேயே ஒரு பங்கு ஒளிந்துகொள்கிறது. இதற்கு உள்ளுறை வெப்பம் என்று பெயர். திரும்ப உறையும்போது அதே வெப்பம் வெளியே வரும். இதில் வேடிக்கை என்னவென்றால், கடைசித் துளி உறைந்து முடியும்வரை வெப்பநிலை ஏறக்குறைய அசையாது. இந்தக் குணத்துக்காகவே பயன்படுத்தப்படும் பொருள்களை நிலைமாற்றப் பொருள்கள் என்கிறார்கள்.

எவ்வளவு வெப்பம் ஒளிந்திருக்கும்? ஒரு கிலோ தண்ணீர் ஒரு டிகிரி ஆறினால் 4.2 கிலோஜூல் தரும். பொருத்தமான மெழுகு ஒரு கிலோ உறைந்தால் சுமார் 240 கிலோஜூல் தரும், அதுவும் ஒரே வெப்பநிலையில் நின்றுகொண்டு. ஆறு மணி நேரத்துக்குப் பிரித்தால் 11 வாட். வீட்டில் எரியும் சின்ன எல்இடி பல்பு எடுத்துக்கொள்ளும் மின்சாரம் ஏறக்குறைய அவ்வளவுதான்.

இன்னும் அழகு ஒன்று உண்டு. அறை குளிர்ந்தால் மெழுகு கொஞ்சம் வேகமாக உறையும். அதனால் கூடுதல் வெப்பம் தரும். சுற்றுப்புறச் சூடு கூடினால் உறைந்த பகுதி திரும்ப உருகி, அந்த வெப்பத்தை விழுங்கிக்கொள்ளும். இரண்டு பக்கமும் 37ஐ விட்டு நகர மாட்டேன் என்று அடம் பிடிக்கிறது. கெட்டுப்போக ஒரு சுவிட்ச்கூட இதில் கிடையாது.

சரியாக 37இல் உறையும் மெழுகு எப்படிக் கிடைக்கும்? மெழுகு என்பது கார்பன் அணுக்களின் சங்கிலி. சங்கிலி நீள நீள உருகுநிலை ஏறும். 18 கார்பன் கொண்டது சுமார் 28 டிகிரியில் உருகும், 22 கார்பன் கொண்டது சுமார் 44இல். இடையில் 20 கார்பன் கொண்டதன் உருகுநிலை 37ஐ ஒட்டி வருகிறது. மனித உடலின் சூட்டுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி!

குழு செய்த பொருள் பார்வைக்குக் குழந்தைக்கான சிறிய தூக்கப்பை. பெயர் ‘எம்பிரேஸ்’. உள்ளே மெழுகு அடைத்த உறை ஒன்று. அதைச் சூடாக்கி உருக்கிப் பையில் வைத்துவிட்டால் நான்கு முதல் ஆறு மணி நேரம் வெப்பம் தாங்கும். பிறகு மறுபடி சூடாக்கிக்கொள்ளலாம்.

இயற்பியல் முடிந்தது. வகுப்பின் உண்மையான பாடம் இதற்குப் பிறகுதான் என்பேன்.

அந்தப் பாடத்துக்கு முன்மாதிரி என்று பெயர். புரோட்டோடைப் என்றால் எல்லோருக்கும் தெரியும். இறுதிப் பொருளைச் செய்வதற்கு முன் சோதனைக்காகச் செய்யும் மாதிரி. அது நேர்த்தியாக இருக்க வேண்டும் என்றுதான் மாணவர்கள் நினைப்பார்கள். ஸ்டான்ஃபோர்டின் வடிவமைப்புப் பள்ளியை உருவாக்கிய டேவிட் கெல்லியின் ‘ஐடியோ’ நிறுவனத்தில் நடந்த கதை ஒன்று இதற்குப் பதில் சொல்லும். மூக்கு அறுவை சிகிச்சைக்கான கருவி எப்படி இருக்க வேண்டும் என்று டாக்டர்கள் கையை ஆட்டி ஆட்டி விளக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு பொறியாளர் வெளியே போய், வெள்ளைப் பலகையில் எழுதும் மார்க்கர், பழைய ஃபிலிம் டப்பா, துணி காயப்போடும் கிளிப் மூன்றையும் டேப்பால் ஒட்டிக் கொண்டுவந்தார். இப்படியா என்று டாக்டர் கையில் கொடுத்தார். பேச்சு அந்த நொடியே தடம் பிடித்தது. பளபளப்பான மாதிரியைப் பார்த்தால் பார்ப்பவர் பாராட்டிவிட்டுப் போய்விடுவார். டேப் ஒட்டிய மாதிரியைத்தான் கூசாமல் குறை சொல்வார். குறைதானே வேண்டும்!

எம்பிரேஸ் குழுவுக்கும் அப்படி ஒரு குறை கிடைத்தது, மகாராஷ்டிராவின் சிறு கிராமம் ஒன்றில். மெழுகு உறையில் வெப்பநிலையை எண்ணாகக் காட்டும் பட்டை இருந்தது. 37 வரும்வரை சூடாக்க வேண்டும். குழுவின் ராகுல் பணிக்கர் அங்கிருந்த ஒரு தாயிடம் இதைக் காட்டினார். ஆங்கில மருந்து வீரியம் அதிகம் என்பது ஊரார் நம்பிக்கை என்றார் அந்தப் பெண். டாக்டர் ஒரு ஸ்பூன் கொடுக்கச் சொன்னால் அரை ஸ்பூன்தான் கொடுப்பாராம். 37 என்று சொன்னால், எதற்கும் இருக்கட்டும் என்று 30இலேயே நிறுத்திக்கொள்வாராம்.

மெழுகு முழுசாக உருகாவிட்டால் ஒளிந்திருக்க வேண்டிய வெப்பமும் இராது. அத்தனை இயற்பியலும் அந்த ஏழு டிகிரியில் போய்விடும். இதைச் சரிசெய்ய விழிப்புணர்வு முகாம் நடத்தலாம், கையேடு அச்சடிக்கலாம். குழு செய்தது எண்ணையே எடுத்துவிட்டது. பட்டையில் இப்போது சரி அல்லது சரியில்லை, இரண்டே நிலை. ‘சரி’யைப் பாதியாகக் குறைக்க யாராலும் முடியாது. இந்தப் பொருளில் எனக்கு மெழுகைவிடப் பெரிய கண்டுபிடிப்பாகத் தோன்றுவது இதுதான்.

ஒன்றை மறைக்கக் கூடாது. குறைமாதக் குழந்தைக்குக் கிடைக்கும் மிக நல்ல சூடு தாயின் மார்புதான். இன்குபேட்டர் போதாத நிலையில் 1970களின் இறுதியில் கொலம்பியாவின் பொகோட்டாவில் டாக்டர்கள் தொடங்கிய கங்காரு தாய் பராமரிப்பு, குழந்தையைத் தாயின் தோலோடு தோலாக அணைத்து வைப்பது. இன்று உலகமெங்கும் பரிந்துரைக்கப்படுகிறது. அதற்கு வழியில்லாத நேரங்களில்தான் பைக்கு வேலை.

எல்லா முன்மாதிரியும் இப்படிக் கரை சேர்வதில்லை. ‘டிசைன் தட் மேட்டர்ஸ்’ என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனம் கார் பாகங்களாலேயே ஒரு இன்குபேட்டர் செய்தது. சூட்டுக்கு ஹெட்லைட், காற்றுக்கு கார் விசிறி. கார் மெக்கானிக் இருக்கிற ஊரில் எல்லாம் ரிப்பேர் செய்துகொள்ளலாம் என்பது யோசனை. 2010இல் ‘டைம்’ பத்திரிகையின் சிறந்த கண்டுபிடிப்புகள் பட்டியலிலும் வந்தது. ஆனால் தயாரிப்புக்குப் போகவேயில்லை. யார் தயாரிப்பார், எந்த ஆஸ்பத்திரி வாங்கும் என்ற கேள்விகளை மாதிரி எதிர்கொள்ளவில்லை.

அதே நிறுவனம் அடுத்து வியட்நாமில் தயாரிப்பாளர் ஒருவரோடு சேர்ந்து, மஞ்சள்காமாலைக்கு நீல ஒளிச் சிகிச்சை தரும் ‘ஃபயர்ஃபிளை’யைச் செய்தது. குழந்தையின் தோலில் தங்கும் மஞ்சள் நிறமியின் வடிவத்தை நீல ஒளி மாற்றுகிறது. பிறகு உடல் அதை எளிதாக வெளியேற்றிவிடும். மேலே விளக்கு தொங்கும் வழக்கமான கருவிகளில் இடப்பற்றாக்குறையால் இரண்டு மூன்று குழந்தைகளை நெருக்கிப் படுக்கவைத்துவிடுவார்கள். நீல வெளிச்சத்தில் பிள்ளை குளிரில் விறைத்ததுபோலத் தெரிவதால் அம்மாக்கள் போர்த்தியும் விடுவார்கள். ஃபயர்ஃபிளையின் தொட்டில் ஒரு குழந்தைக்கான அளவுதான், இன்னொன்றுக்கு இடமில்லை. ஒளி மேலிருந்தும் கீழிருந்தும் வருகிறது. அம்மா போர்த்தினாலும் முதுகுப் பக்கம் சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்.