ஏரிக்குள்ள ஓட்டினா தப்பில்லையா?

காலாண்டு லீவில் பெரியம்மா ஊருக்குப் போயிருந்தேன். எட்டாவது படிக்கும் என் தம்பி, வற்றிப்போன ஏரிக்குள் மொபெட் ஓட்டிக் காட்டினான். பின்னால் நானும் ஏறிக்கொண்டேன். "ரோட்டுல ஓட்டினாத்தாண்ணே தப்பு, ஏரிக்குள்ள யாரு கேக்கப் போறா?" என்றான். கொஞ்ச தூரத்தில் முன்சக்கரம் மணலில் புதைந்து இரண்டு பேரும் விழுந்தோம். சைலன்சர் சுட்ட தழும்பு இன்னும் என் கெண்டைக்காலில் இருக்கு.

அவன் சொன்னது சரியா என்று எங்கள் சமூக அறிவியல் ஐயாவிடம் கேட்டேன். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 4ஆம் பிரிவை எடுத்துக் காட்டினார். 18 வயது ஆகாதவர் 'பொது இடத்தில்' மோட்டார் வண்டி ஓட்டக் கூடாது என்றுதான் அதில் இருக்கு. ரோடு என்று மட்டும் இல்லை! பொதுமக்கள் போய்வர உரிமை உள்ள எந்த இடமும் பொது இடம்தானாம். அப்போ ஊரே ஆடு மாடு மேய்க்கப் போகும் ஏரி? கடற்கரை? எல்லாம் அதில் வந்துவிடும்.

16 வயதானால் ஓட்டலாமே என்று சிலர் சொல்வீங்க. அது கியர் இல்லாத, 50 சிசிக்கு மேற்படாத வண்டிக்கு மட்டும். அதற்கும் லைசென்ஸ் வேணும். இப்போது கடையில் விற்கும் மொபெட்டே 100 சிசி வருது!

மாட்டினால் யாருக்குத் தண்டனை தெரியுமா? 2019இல் சேர்த்த 199ஏ பிரிவுப்படி அப்பா அம்மாவுக்கு அல்லது வண்டிச் சொந்தக்காரருக்கு 3 வருஷம் வரை ஜெயில், 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து. ஓட்டிய பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. இதைப் படித்ததும் எனக்குப் பெரியப்பா முகம்தான் ஞாபகம் வந்தது. அவர் அந்த வண்டியில்தான் பால் ஊத்தப் போவார்.

சில கடற்கரைகளில் வாடகைக்கு விடும் குண்டு டயர் நாலு சக்கர பைக்கைப் பார்த்திருப்பீங்க. நாலு சக்கரம் இருக்கே, விழாது என்று நினைக்காதீங்க. அது உயரமானது, அகலம் குறைவு. மேட்டிலும் வளைவிலும் ஓட்டுபவர் தன் உடம்பைச் சாய்த்துத்தான் அதை நிலையாக வைக்க வேண்டும். பெரியவர்கள் ஓட்டும் வண்டி பலவும் 200 கிலோவுக்கு மேல். 35 கிலோ பையன் சாய்ந்தால் அது அசையுமா? கவிழ்ந்தால் மேலேயே விழும். அமெரிக்காவில் இதன் மூணு சக்கர வண்டியால் நிறைய விபத்து நடந்து, 1988இல் கம்பெனிகள் அதன் விற்பனையையே நிறுத்தின. அங்கேயும் 16 வயதுக்குக் கீழே பெரிய வண்டியில் ஏறக் கூடாது என்றுதான் எச்சரிக்கை ஒட்டுகிறார்கள்.

சொந்தத் தோப்புக்குள் ஓட்டினால் லைசென்ஸ் கேட்க மாட்டாங்க, உண்மைதான். ஆனால் தென்னை மரத்துக்கு அது தெரியாதே! ஹெல்மெட் இல்லாமல், பக்கத்தில் பெரியவர் இல்லாமல் அங்கேயும் வேண்டாம்.

இதையெல்லாம் எழுதித் தம்பிக்குக் கொடுத்தேன். அவன் படித்தானோ என்னவோ, பெரியம்மா படித்துவிட்டார். இப்போ வண்டிச் சாவி அவர் சுருக்குப் பையில் இருக்கு.