தண்ணீர் கூட்டாமலே கான்கிரீட் இளகுவது எப்படி?

50 கிலோ மூட்டை சிமெண்டின் வேதிவினைக்குச் சுமார் 12 லிட்டர் தண்ணீர் போதும். ஆனால் அவ்வளவில் கலவை மண்வெட்டிக்கே மசியாது. துகள்கள் ஒன்றையொன்று ஈர்த்துத் திரள, நடுவில் தண்ணீர் சிக்கிக்கொள்கிறது. 'இன்னொரு வாளி ஊத்துப்பா' என்பார் மேஸ்திரி. இளகும்தான், உபரி நீர் காய்ந்த இடமெல்லாம் நுண்துளை, வலிமை போச்சு!

கலவையில் சேர்க்கும் சூப்பர் பிளாஸ்டிசைசர் என்ற வேதிப்பொருள் அந்தத் திரளையே உடைக்கிறது. பாலிகார்பாக்சிலேட் வகையின் மூலக்கூறு சீப்பு மாதிரி: முதுகு துகளில் ஒட்டிக்கொள்ளும்; வெளியே நீளும் பற்கள் அடுத்த துகளை அண்டவிடாது. சிக்கிய நீர் விடுபட, கலவை வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. மூட்டைக்குச் சில நூறு மில்லி போதும். அளவு மிஞ்சினால் ஜல்லி அடியில் தங்கி, மேலே வெறும் சிமெண்ட் பால்தான் நிற்கும்.